ஒட்டுப்போட்ட வால்

கிருபாசங்கரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவனிடமே சொன்னேன். "என்ற மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போட்டு எழுது மாப்ளே" என்றான். ஆள் அப்படித்தான். எதையும் இருக்கிறபடி விடமாட்டான்.

கிணத்துக்கடவு மெயின் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவன் ஸ்டுடியோ இருக்கிறது. பொள்ளாச்சி ரோட்டின் இரண்டு பக்கத்திலும் கல்யாணம், காதுகுத்து, புதுவீடு என்று எதுவானாலும் பாதிக்குமேல் அவன்தான் படம் எடுப்பான். இருபது வருடத்தில் எத்தனை பேரின் பருவை அழித்திருப்பான், எத்தனை மாமனார்களுக்கு முடி வைத்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. தாலி கட்டும் நேரத்தில் கண்ணை மூடிவிட்டவர்களுக்கு வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பான். ஒருமுறை செட்டிபாளையத்துக்காரர் ஒருவர், காலமான தன் அப்பாவின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டக் கொண்டுவந்தார். படத்தில் பெரியவர் முறைத்துக்கொண்டிருந்தார். இவன் நல்லது செய்வதாக நினைத்து அவரைச் சிரிக்க வைத்துக் கொடுத்தான். மறுநாளே படம் திரும்பி வந்தது. "எங்கப்பன் செத்த அன்னிக்கு வரைக்கும் சிரிச்சதில்லீங்க. இது யாருங்க?" என்று கேட்டிருக்கிறார் அந்த மனிதர்.

நான் அர்ஷத். போத்தனூரில் கேமராவும் லென்ஸும் பழுது பார்க்கிறேன். எனக்குக் கோபக்காரன் என்று பெயர். பூஞ்சை பிடித்த லென்ஸை வேட்டி முனையில் எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு, "ஏனோ மங்கலாத் தெரியுதுங்க" என்று வருகிறவர்களிடம் வேறு எப்படிப் பேசுவது? கிருபா முதன்முதலில் வந்ததும் அப்படி ஒரு லென்ஸோடுதான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அடுத்த வாரம் ஒரு பை நிறைய தேங்காய் பன்னோடு வந்து நின்றான். அன்று தொடங்கிய பழக்கம், இன்னும் விடவில்லை.

அவனுக்கு வீடு இருக்கிறது, மோகனப்பிரியா என்று நல்ல மனைவி இருக்கிறாள், தொழில் நன்றாகவே நடக்கிறது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஏக்கம் அவனை அரித்துக்கொண்டே இருந்தது. அக்கா அவனோடு பேசுவதில்லை.

ராசாத்தாள் அக்கா அவனைவிட ஏழு வயது மூத்தவர். பதினெட்டு வயதில் சுந்தராபுரம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் தீபாவளி போனஸில் தனக்கென்று ஒன்றும் வாங்காமல் தம்பிக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் கேமரா வாங்கிக் கொடுத்தார். அதில்தான் இவன் பிழைப்பே ஆரம்பித்தது. பிறகு அக்காவுக்குக் கல்யாணம் ஆனது, பிரீத்திகா பிறந்தாள். பிரீத்திகாவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவள் அப்பா லாரி மோதி இறந்துபோனார். அதற்கு அடுத்த வருடம் இவனுக்குக் கல்யாணம் வைத்தார்கள்.

இவர்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் அவன் உடன்பிறந்தவளும் ஒரே புடவையின் இரண்டு தலைப்பையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பெண்டாட்டி வந்தாலும் பிறந்தவள் உறவு விட்டுப்போகாது என்று நாலு பேர் முன்னால் சொல்வதற்கான சீர் அது. எந்தத் தங்கைக்கும் அக்காவுக்கும் அதில் நிற்பது பெரிய ஆசை. ராசாத்தாள் அக்கா அதற்கென்றே புதுச்சேலை எடுத்து வைத்திருந்தார். ஆனால் மண்டபத்தில் பெரியவர்கள் கூடிப் பேசி, புருசனில்லாதவள் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா மகள் நின்றாள்.

அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் நான். மாப்பிள்ளையே போட்டோகிராபர் என்பதால் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தான். லென்ஸ் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். கிருபா ஒரே ஒரு தடவை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "என்ற அக்காதான் நிக்கோணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை, படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா சாப்பிடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அதோடு நின்றிருந்தாலும் காலப்போக்கில் சரியாகியிருக்கும். இவன் சும்மா இருப்பானா? ஆல்பம் போடும்போது சித்தப்பா மகளை எடுத்துவிட்டு, வேறொரு விசேஷத்தில் எடுத்த அக்காவின் உருவத்தை அந்த இடத்தில் வைத்தான். சேலைத் தலைப்பு அக்கா கையில் இருக்கிறது, அக்கா சிரிக்கிறார். அவ்வளவு சுத்தமான வேலை. அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மன்னிப்புக் கேட்பதாக நினைத்து, ஆள் மூலம் கொடுத்தனுப்பினான். கொண்டுபோன ஆளிடமே படம் திரும்பி வந்தது. "நான் நிக்காத எடத்துல என்னயக் கொண்டுபோயி நிறுத்த வேண்டாம்னு சொல்லிப்போடுங்க" என்று அக்கா சொல்லியனுப்பியிருந்தார். அன்றோடு பேச்சு நின்றது. இழவு வீட்டில் எதிரெதிரே வந்தால்கூட அக்கா பக்கத்தில் நிற்கிறவரோடு பேசிவிட்டுப் போய்விடுவார். இப்படிப் பதினான்கு வருடம்.

பிரீத்திகா மட்டும் மாமாவை விடவில்லை. அவள் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். அந்தப் புரட்டாசியில் விடியற்காலையில் கிழக்கே ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. கல்லூரியில் கண்காட்சி வைக்கிறார்கள் என்றும், தொடர்ந்து ஐந்து நாள் விடியலில் அதைப் படம் எடுத்துத் தர முடியுமா என்றும் அவள் மாமாவுக்குப் போன் செய்தாள். கடைசியாக, "அம்மாவும் பாக்க வருவாங்க மாமா" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவன் இமயமலைக்குக்கூடப் போயிருப்பான். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, ஆளும் சும்மாதான் இருந்தான். என்னிடம் ஓடி வந்தான். வானம் நகர நகரக் கேமராவையும் கூடவே திருப்புகிற ஒரு கருவி என்னிடம் இருந்தது. அதையும் என்னையும் சேர்த்து வண்டியில் ஏற்றினான். ஐந்து நாளும் கோழி கூவுகிற நேரத்துக்குக் குளத்துக் கரைமேல் நின்றோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓய்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று, கேமரா ஆடவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அது அழகாகத்தான் இருந்தது. தென்னைகளுக்கு மேலே தலை ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அதிலிருந்து இரண்டு வால் கிளம்பின. ஒன்று மஞ்சளாக, அகலமாக, லேசாக வளைந்த தூசி வால். மண்ரோட்டில் பஸ் போனபின் கிளம்புகிற புழுதி மாதிரி இருந்தது. இன்னொன்று நீலமாக, ஒல்லியாக, சூரியனுக்கு நேரெதிர்ப் பக்கம் நீண்டிருந்தது. அது ஆவி வால். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத்தான் தெரியும். ஒரே படத்தில் அது தெளிவாக விழாது என்பதால் நூறு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். கிருபா ஒவ்வொரு படத்தையும் எடுத்துவிட்டு, "அக்காவுக்கு இது புடிக்குமா மாப்ளே?" என்று கேட்டான். நூறு தடவை கேட்டான். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

நான்காம் நாள் படத்தில் நீல வால் ஒழுங்காக விழவில்லை. தலையிலிருந்து கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. பிறகு ஒரு வெற்றிடம். அதற்கு அப்பால் மீதி வால் கொஞ்சம் கோணலாகத் தனியே கிடந்தது.

"என்ன மாப்ளே இது, அந்துபோன மாதிரி இருக்குது?" என்றான்.

பெரிய மேதாவி நான் சொன்னேன்: "அடுக்கறதுல எங்கியோ தப்புப் பண்ணிட்டே. இல்லாட்டி மேகம் மறைச்சிருக்கும். வால் எங்கியாவது அறுமா? ஒட்டி உடுடா."

இதை எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது. அவன் கைக்கு அதெல்லாம் ஒரு வேலையா? கல்யாணப்பெண்ணின் பின்னலில் நடுவே பூ விட்டுப்போனால் எப்படி நிரப்புவானோ, அப்படியே முதல் நாள் படத்திலிருந்து நீலத்தை எடுத்து இழுத்து நிரப்பினான். வால் ஜம்மென்று நீண்டது. ஐந்தாம் நாள் எடுத்த படத்தில் வால் எங்கள் உதவி இல்லாமலே முழுசாக இருந்தது. "பாத்தியா, நாஞ்சொன்னேன்ல" என்று எனக்குப் பெருமை வேறு. ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்குக் கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் காலியாக வேண்டியிருந்ததால், முடிந்த ஐந்து படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை எல்லாம் அழித்துவிட்டான்.

கண்காட்சிக்கு அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். நானும் போனேன். ஒரு வகுப்பறைச் சுவரில் ஐந்து படமும் வரிசையாக மாட்டியிருந்தன. கீழே பெயர் போட்டிருந்தது: படம், கிருபாசங்கர், கிணத்துக்கடவு. ராசாத்தாள் அக்கா மில் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர் பின்வரிசையில் நின்றார். இவன் சன்னலோரம் நின்றான். நடுவில் எட்டடிகூட இருக்காது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிரீத்திகா பேச ஆரம்பித்தாள். அந்தப் பெண் நன்றாகப் பேசுகிறாள். சூரியன் எப்போதும் ஊதிக்கொண்டே இருக்கிறதாம். அந்தக் காற்றுதான் நீல வாலை இழுத்துக்கொண்டு போகிறது. சில சமயம் சூரியனில் பெரிய வெடிப்பு கிளம்பும். கோடிக்கணக்கான டன் வாயுவை, காந்தப்புலத்தோடு சேர்த்து ஒரே மூச்சில் வெளியே தள்ளும். அது போகிற வழியில் வால்நட்சத்திரம் அகப்பட்டால், ஆவி வாலைப் பிடித்து வைத்திருக்கிற காந்தப் பிடிப்பு நிலைகுலைந்து வால் அப்படியே பிய்ந்துகொண்டு போய்விடும். தலை மட்டும் மிஞ்சும். ஆனால் தலையிலிருந்து வாயு வந்துகொண்டே இருப்பதால், ஒரு நாளைக்குள் புது வால் முளைத்துவிடும்.

"நாம படமெடுத்த நாலாம் நாள் இது நெசமாவே நடந்துது" என்றாள். "வெளிநாட்டுல அன்னிக்கு எடுத்த படங்கள்ல வால் அறுந்து கெடக்குது. ஆனா மாமா எடுத்த படத்துல பாருங்க, வால் முழுசா இருக்குது. அதனால இங்க அஞ்சு மணி இருக்கற வரைக்கும் அது அறுந்துபோகலே, அதுக்கப்பறந்தான் அறுந்துருக்கோணும். மாமா படத்த வெச்சுத்தான் நான் அந்த நேரத்தையே கணக்குப் போட்டேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். கிருபாவைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு தரையைப் பார்த்தான்.

அதே பார்வை. மண்டபத்தில் லென்ஸ் வழியாக நான் பார்த்த அதே பார்வை. எனக்கு அவன்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் அதிகம். ஆனால் நானும்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கூட்டம் கலைந்து அடுத்த அறைக்குப் போனது. அக்கா மெதுவாக நடந்து முதல் படத்தைப் பார்த்தார், இரண்டாவது, மூன்றாவது. நான்காவது படத்தின் முன்னால் நின்றார், குனிந்தார். முப்பது வருடத்துக்கு மேலாக ஸ்பின்னிங்கில் இருக்கிறவர். நூற்றுக்கணக்கான நூல்கதிர்கள் சுற்றுகிற இடத்தில், நடந்துகொண்டே எந்த இழை அறுந்தது, எது ஒட்டியது என்று கண்ணாலேயே பார்க்கிறவர். படத்தின்மேல் விரலை வைத்தார்.

"அம்மணி, இங்க வா. இது ஒட்டுனதாட்ட இருக்குது."

"எதும்மா?"

"இந்த நீலந்தான். இங்க இருந்து இது வரைக்கும் ஒட்டு. ரெண்டு பக்கமும் ஒரே தடிமன்ல வருது பாரு. தானா ஓடுன இழை இப்படி இருக்காது." விரல் வைத்த இடம் அணுவளவுகூடப் பிசகவில்லை.

பிரீத்திகா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தான் ஒட்டச் சொன்னேனுங்க அக்கா" என்றேன். "மெசின் தப்புன்னு நெனச்சுட்டோம்."

அக்கா என்னைச் சட்டை செய்யவில்லை. பதினான்கு வருடத்தில் முதல்முறையாகத் தம்பியை நேருக்கு நேர் பார்த்தார். "ஒனக்கு இன்னும் அந்தப் புத்தி போகலியா சங்கரா? அந்தது அந்ததாட்டவே இருந்தா ஒனக்கு என்ன கேடு? அதுக்காச்சும் மறுநா வால் மொளைக்குது. நான் என்ன நச்சத்திரமா, மறுநாளே மொளைக்கறதுக்கு?"

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

கிருபா சன்னலை விட்டு முன்னால் வந்தான். "தப்புத்தானுங்க அக்கா" என்றான். "இதும் தப்பு. அன்னிக்கி நான் வாயத் தொறக்காம நின்னனே, அது பெரிய தப்பு. படத்த மாத்தி அனுப்புனது அதுக்கும் மேல. என்ற அக்காதான் நிக்கோணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணுமுங்க. தைரியமில்லாமப் போச்சு."

"அறுந்த படம் இருக்குதா மாமா?" என்று பிரீத்திகா கேட்டாள். "இல்ல கண்ணு, அழிச்சுப்போட்டேன்" என்றான் கிருபா. அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பல நாளாகப் போட்ட கணக்கு அது.

அவன் அவள் மேசையிலிருந்து ஸ்கெட்ச் பேனாவை எடுத்தான். நான்காவது படத்துக்குக் கீழே, தன் பெயருக்குப் பக்கத்தில், சுவரில் ஒட்டியிருந்த அட்டையிலேயே எழுதினான். 'இந்த வால் காலை 4.50-க்கு நான் படம் எடுக்கும்போதே அறுந்திருந்தது. தெரியாமல் நான்தான் ஒட்டிவிட்டேன். பிரீத்திகாவின் கணக்கில் தப்பு இல்லை. என் படத்தில்தான் தப்பு.' கீழே கையெழுத்தும் போட்டான். பக்கத்து அறையிலிருந்து திரும்பி வந்த பேராசிரியரும் மாணவர்களும் நின்று படித்தார்கள். ஒரு பையன் சிரித்தான். கிருபா நகரவில்லை, நிமிர்ந்தே நின்றான். பிரீத்திகா எழுந்து வந்து, தன் கணக்கை எழுதி ஒட்டியிருந்த அட்டையில் நேரத்தை அடித்துவிட்டு, '4.50-க்கு முன்பே' என்று எழுதினாள்.

அக்கா தம்பி எழுதிய அட்டையை இரண்டு முறை படித்தார். கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "எழுத்து இன்னும் கோழி கிண்டுனாப்பலயேதான் இருக்குது" என்றார். தம்பியிடம்தான் சொன்னார்.

பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசல் வரைக்கும் போனவர் நின்று திரும்பி, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தமிழ்நாட்டில் கிளம்புகிற எவரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. பஸ் கண்டக்டர்கூட வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார். அதற்கு வருகிறேன் என்று அர்த்தமில்லை, கிளம்புகிறேன் என்று அர்த்தம். இது கிருபாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் வண்டியில் ஏறியதிலிருந்து கிணத்துக்கடவு வரும்வரை, "வாரேன்னாங்கல்ல மாப்ளே? நீயுங் கேட்டியல்ல?" என்று விடாமல் கேட்டுக்கொண்டே வந்தான்.

அக்காவுக்கு மில்லில் ஞாயிறு லீவு. ஐப்பசி முழுக்க, கார்த்திகை முழுக்க ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் ஒன்றைக்கூட அவன் ஒப்புக்கொள்ளவில்லை. வந்தவர்களை வேறு ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிட்டான். சீசனில் ஒரு போட்டோகிராபர் இப்படிச் செய்தால் ஊர் சிரிக்கும், சிரித்தது. ஞாயிறு காலை மோகனப்பிரியா, இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தகைக்கு மாவு வேக வைக்கிறாள். அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாழியை அழுத்துகிறான். அக்காவுக்குச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் என்றால் உயிராம். இதுவரை ஆறு ஞாயிறு போய்விட்டது. பிரீத்திகா இரண்டு தடவை வந்தாள். அம்மா எப்படியிருக்காங்க என்று கேட்டால், நல்லாயிருக்காங்க மாமா என்பாள். அதற்குமேல் அவனும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

'வாரேன்' என்பதற்கு அர்த்தம் அது இல்லையடா என்று அவனிடம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஊரில் இருக்கிற எல்லோரையும் திட்டுகிற நாக்குதான் இது. போன ஞாயிறு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். இலை ஒன்று அதிகமாகவே போட்டிருந்தது. சந்தகை ஆறிக்கொண்டிருந்தது. அவன் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மணி பதினொன்று இருக்கும், அக்கா வந்தால் வரவேண்டிய சுந்தராபுரத்து பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. எழுந்து வாசலுக்குப் போனவன் நான்.